ரோலான் விட்டுப்போன நான்கு பீப்பாய்கள்

ஒயின் நிலவறைகளைப் பார்க்க எங்கள் ஜூரா மலைப்பக்கம் வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: எதிர்பாராத சந்திப்பு. சேறு ஒட்டிய பூட்ஸோடு ஒரு திராட்சை விவசாயி தற்செயலாக எதிரே வர வேண்டும். "அட, உள்ள வாங்க" என்று கூட்டிப்போய், யாருக்கும் திறக்காத பீப்பாயை அவர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும். இந்தத் தற்செயலை மூன்று வாரம் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் ஒதீலின் தொழில். காலையில் அந்த விவசாயி தியெரிக்குப் போன் போடுவாள். "பதினொரு மணிக்கு வர்றாங்க. பூட்ஸைக் கழுவித் தொலைச்சிடாதே."

ஒதீலுக்கு வயது அறுபத்தாறு. எனக்கு அவளைவிட எட்டு வயது கூட. பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், அவளுடைய வேனை ஓட்டுகிறேன். செத்துப்போன மொழியைப் பிழைக்கவைக்க முப்பது வருடம் பாடுபட்டதற்கு இது எவ்வளவோ மேல். வேன் சாவி போட்டால் கிளம்பும்.

அவள் போடும் திட்டங்களில் வெளியாருக்குப் புரியாத ஒழுங்கு உண்டு. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை யார் கதவையும் தட்டக் கூடாது. அந்த நேரத்தில் போப்பாண்டவரே வந்தாலும் எங்கள் ஆட்கள் சாப்பாட்டை விட்டு எழ மாட்டார்கள். பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத ஆளை மதியத்துக்கு முந்திய நேரத்தில் போட வேண்டும். பசி ஒன்றுதான் அவனை நிறுத்தும். வாயே திறக்காத ஆளைக் கடைசியில் போட வேண்டும், அதற்குள் வந்தவர்களே நிறையப் பேசத் தொடங்கியிருப்பார்கள். முதலில் சிவப்பு ஒயின், பிறகு வெள்ளை, எல்லாவற்றுக்கும் பிறகு எங்கள் பக்கத்துக்கே உரிய மஞ்சள். உலகம் முழுவதும் வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிக்கிறது என்று விருந்தாளிகள் சொல்வார்கள். "உலகம் முழுசுக்கும் நாங்க பொறுப்பெடுக்க முடியுமா, மிஸ்யூ?" என்பாள் ஒதீல், குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல்.

இத்தனை நிலவறைகளுக்கு ஆள் அனுப்புகிறவள் எந்த நிலவறையிலும் இறங்குவதில்லை. விருந்தாளிகளோடு நான் உள்ளே போவேன். அவள் முற்றத்தில் போனும் கையுமாக நிற்பாள். ஏனென்று கேட்டால் "படி வழுக்கும்" என்பாள். ஆகஸ்ட் மாதத்திலும் வழுக்கும்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. சமவெளிக்கு அந்தப் பக்கம் பர்கண்டியில் பிறந்தவள். ரோலானைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் அவளை "பர்கண்டிக்காரி" என்று முகத்துக்கு நேராகவே சொல்லும் அளவுக்கு ஊர் நெருக்கமாகிவிட்டது. ரோலான் நல்ல ஒயின் செய்தான். ஆனால் அதைக் குடிக்க வருகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. வருகிறவர்களை அடுத்தவர் வீடுகளுக்கு நாசூக்காகத் திருப்பிவிடுவது ஒதீலின் வேலையாக இருந்தது. அதையே அவள் தொழிலாக்கிக்கொண்டாள். ரோலானின் கதவைத் தட்டிய ஒரே ஒரு கூட்டத்தைக்கூட அவள் அவனிடம் கொண்டு சேர்த்ததில்லை. நல்ல தாம்பத்தியம்.

ஆறு வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் ரோலான் இறந்துபோனான். ரொட்டி வாங்கப் போய், பேக்கரி வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே இருந்துவிட்டான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர் வெகுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார், பிறகு அதற்காக இரங்கல் அட்டை அனுப்பினார்.

அடக்கத்தில் ஒதீல் அழவில்லை. மறுநாளே, ஸ்விஸ் தம்பதிக்குப் போட்டிருந்த திட்டத்தை வழக்கம்போல என்னிடம் கொடுத்தாள். ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு தியெரியின் அம்மா கேட்டேவிட்டாள்:

"ஒரு தடவை அழுதுட்டா நெஞ்சு லேசாயிடும், ஒதீல். ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கே?"

"பீப்பாய் திறக்கட்டும், பாத்துக்கலாம்."

வேறு ஊராக இருந்தால் இந்தப் பதிலுக்கு மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் நியாயம்தான் என்று போய்விட்டார்கள்.

அந்தப் பீப்பாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் ரோலான் நான்கு பீப்பாய்களில் மஞ்சள் ஒயினுக்காக நிரப்பி வைத்திருந்தான். மஞ்சள் ஒயின் என்பது எதுவும் செய்யாமல் செய்யப்படுவது. மற்ற எல்லா ஊர்களிலும் பீப்பாயில் ஒயின் கொஞ்சம் ஆவியாகிக் குறைந்தால் உடனே மேலே ஊற்றி நிரப்புவார்கள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று. நாங்கள் நிரப்பாமல் விட்டுவிடுவோம். குறைந்த இடத்தில், ஒயினின் மேல், பாலின் மேல் ஏடு படிவதுபோல ஒரு மெல்லிய ஏடு படியும். அந்த ஏட்டுக்குக் கீழே ஆறு வருடமும் மூன்று மாதமும் அது தன்பாட்டுக்குக் கிடக்க வேண்டும். சில பீப்பாய்கள் வாதுமை மணம் வீசும் பொன்னாகும், சில வினிகராகும். திறக்கும்வரை யாருக்கும் நிச்சயமில்லை. இதைத்தான் ஒதீல் வேனில் ஏறுகிற எல்லோருக்கும் ஒப்பிப்பாள். கடைசியாக "கை வைக்காம இருக்கிறதுதான் கஷ்டம்" என்பாள். விருந்தாளிகள் குறித்துக்கொள்வார்கள்.

ரோலானின் திராட்சைத் தோட்டத்தைத் தியெரி குத்தகைக்கு எடுத்துக்கொண்டான். பீப்பாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஒதீல் வேண்டாமென்றாள். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு, கில்பேர். பர்கண்டியில் பெரிய ஒயின் நிறுவனம் ஒன்றின் நிலவறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவன். மாதத்தின் முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவான். தங்கை உருளைக்கிழங்கு வறுக்கும்போது நிலவறைக்குப் போவான். திரும்பி வந்து கை கழுவுவான்.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு, குட்டி."

ஆறு வருடம் இதே பேச்சு. மற்றவர்கள் கல்லறைக்குப் போவதுபோல அண்ணன் கீழே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறான் என்று ஒதீல் நினைத்தாள். எங்களுக்கும் கேள்வி எழவில்லை. நாற்பது வருடம் பீப்பாய்களோடு வாழ்ந்தவன் பார்த்துக்கொள்கிறான் என்றால் யார் என்ன கேட்பது?

இந்த ஜனவரியில் பீப்பாய்களுக்கு வயது வந்துவிட்டது. பிப்ரவரி முதல் ஞாயிறு கில்பேர் வரும்போது திறப்பதாக முடிவாகியிருந்தது. அன்றைக்காவது அழுவாளா என்று ஊர் அடக்கமான ஆவலோடு எதிர்பார்த்தது. தியெரியின் அம்மா அன்று வேறு எங்கும் போவதாக இல்லை என்று என்னிடமே சொன்னாள்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை பெல்ஜியத்திலிருந்து ஆறு பல் மருத்துவர்கள் வந்தார்கள். பல் மருத்துவர்கள் நல்ல விருந்தாளிகள். சுவைத்த ஒயினை விழுங்காமல் துப்புவதில் கூச்சம் கிடையாது. அவர்களுடைய தலைவர் வான் ஹெக்கே. பெரிய உருவம், மெல்லிய குரல். மஞ்சள் ஒயினைப் பீப்பாயிலிருந்து நேராகச் சுவைக்க வேண்டும், அதற்காகத்தான் அறுநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று அவர் மூன்று முறை எழுதியிருந்தார். பதினொரு மணிக்குத் தியெரி.

பத்தே காலுக்குத் தியெரியிடமிருந்து போன் வந்தது. "ஒதீல், முதுகு பிடிச்சுக்கிச்சு. படுத்த படுக்கையா கெடக்கேன்."

"பூட்ஸ் போட்டிருக்கியா?"

"பூட்ஸ் போடக் குனிஞ்சப்பதான் பிடிச்சுது!"

அவள் மற்றவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டாள். மஞ்சளைப் பீப்பாயிலிருந்து கொடுக்கக்கூடிய யாரும் ஊரில் இல்லை. அந்த வாரம் லுவார் பக்கத்தில் பெரிய ஒயின் சந்தை, ஊரில் முக்கால்வாசி கார்களில் ஏறிப் போயிருந்தது. அதைத் தெரிந்துதான் மஞ்சளுக்குத் தியெரியைப் பிடித்துப் போட்டிருந்தாள். வேன் பத்து மணி நிலவறையின் முற்றத்தில் நின்றிருந்தது. உள்ளே ஆறு பேரும் சிவப்பு ஒயினைச் சுற்றி நின்று தொழில்முறையில் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் வீட்டுலயே நாலு பீப்பாய் கெடக்கே" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல.

ஒதீல் போனைப் பையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்கேன் கில்பேர்கிட்ட."

"அப்போ இவங்களுக்கு ஒயின் மியூசியம் காட்டலாம்."

"மியூசியம் ஜனவரியில மூடியிருக்கும், வாத்தியாரே." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. எப்பன்னாலும் திறக்கணும்தானே. திட்டத்துல ஓட்டை இருக்கக்கூடாது."

ஆறு வருடம் ஒத்திவைத்த துக்கத்தை ஒரு காலி நேரத்தை அடைக்கப் பயன்படுத்துகிறாளே என்று எனக்குத் தோன்றியது. அவள் அதற்குள் வேன் கதவைத் திறந்துவிட்டாள்.

வேனில் வான் ஹெக்கே தன் வேலையைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டு வந்தார். ஊசி போட்டு ஈறை மரத்துப்போகச் செய்தால் இரண்டு மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும், அதுவரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம் என்று சொல்வார்களாம்.

"திரும்பி வரலைன்னா?" என்றாள் ஒதீல்.

"அப்படி யாரும் வந்து புகார் பண்ணதில்லீங்க, மதாம்."

ரோலானின் நிலவறைக்குப் பதினாறோ பதினேழோ படி. வழுக்கவில்லை. ஒதீல் முன்னால் இறங்கினாள், நான் கடைசியில். நான்கு பீப்பாய்களும் சுவரோரம் இருந்தன. சிலந்தி வலை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பீப்பாய்களின் வயிறு துடைத்துப் பளபளவென்றிருந்தது. மூலையில் ஒரு தகரப் பூவாளி. அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒதீல் பேசத் தொடங்கினாள். காற்று, ஏடு, ஆறு வருடம், மூன்று மாதம். பிறகு எங்கள் பக்கத்து வித்தை: பீப்பாயை விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தால் முதலில் காலிக் குடம்போல ஒலிக்கும், ஒயின் மட்டம் வந்ததும் சத்தம் அடைத்துப்போகும். எவ்வளவு ஆவியாகியிருக்கிறது என்று விருந்தாளிகள் காதாலேயே தெரிந்துகொள்வார்கள். எல்லோருக்கும் பிடிக்கும்.

மேலே தட்டினாள். அடைத்த சத்தம். தக்கைக்குப் பக்கத்தில் தட்டினாள். அதே சத்தம். அடுத்த பீப்பாய்க்குப் போனாள். பிறகு மூன்றாவது, நான்காவது. சுவரைத் தட்டுவதுபோல இருந்தது.

பல் மருத்துவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். காலியாக ஒலிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எனக்குத் தெரியும். பத்து வருடமாக இந்த வித்தையைக் கேட்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை. "கை வைக்காம இருக்கிறதுதான் கஷ்டம்" என்று கடைசி வரிவரை சொல்லி முடித்தாள். பிறகு தக்கையை எடுத்தாள். ஒயின் ஏறக்குறைய தக்கையின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏடும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. கண்ணாடிக் குழாயை விரலளவு இறக்கி எடுத்து எல்லோருக்கும் ஊற்றினாள். தனக்கும்.

வைக்கோலின் நிறம்கூட இல்லை. வெளிர் பச்சை ஓடிய வெள்ளை.

அவள் வாயில் வைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தரைச் சரளையில் துப்பினாள். குறி தவறாமல். பல் மருத்துவர் ஒருவர் தன்னையறியாமல் "பிரமாதம்" என்றார்.

"நல்லா இருக்கு" என்றார் வான் ஹெக்கே தயங்கி. "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது மஞ்சளா, மதாம்?"

"இல்ல."

"அப்போ இது என்ன?"

"இது எங்க அண்ணன்" என்றாள் ஒதீல். தக்கையைத் திரும்ப அடித்து வைத்தாள். "பாத்து ஏறுங்க, படி வழுக்கும்."

அவர்களுக்கு என்ன புரிந்ததோ, ஆளுக்கு ஒரு பெட்டி விலைக்குக் கேட்டார்கள். மேலே என்ன ஊற்றியதோ தெரியாது, லேபிளில் எந்த ஊர்ப் பெயரையும் போட முடியாத ஒயின் அது, விற்க முடியாது என்று நான் சொன்னதும் இன்னும் அதிகமாகக் கேட்டார்கள். மதியம் கோழியைக் காளான் போட்டு மஞ்சள் ஒயினில் சமைத்த கறி. உணவகத்திலேயே ஒரு பாட்டில் மஞ்சளும் வாங்கிக் கொடுத்தோம். அறுநூறு கிலோமீட்டர் வீண்போகவில்லை. மூன்று மணிக்கு அடுத்த நிலவறை. ஒதீல் முற்றத்தில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சாப்பாட்டுக்குப் போனேன். வேன் சாவியைக் கொடுக்கும் சாக்கில்தான். எதிர் வீட்டில் தியெரியின் அம்மா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள், பிப்ரவரிக் குளிரில். கில்பேர் வந்து, தொப்பியைக் கழற்றி, கையிலிருந்த பிளாஸ்டிக் கேனைக் கதவோரம் வைத்தான். கேனை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் என்று நினைத்திருந்தேன்.

"அதுல என்ன?" என்றாள் ஒதீல், உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டே.

"எதுல?"

"கேன்ல."

"வேற என்ன, ஒயின்தான். மேல ஊத்துறதுக்கு."

"மாசா மாசம் ஊத்துறியா?"

"ஊத்தாம?" கில்பேருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அவரு தவறின மாசமே கீழ போய்ப் பாத்தேன். நாலு பீப்பாயும் மூணு விரக்கடை குறைஞ்சு கெடந்துச்சு. மனுஷன் திடீர்னு போயிட்டாரு, பாவம், ஊத்த ஆளில்லன்னு நெனச்சேன். முதல்ல அவரு அலமாரியில இருந்த வெள்ளைப் பாட்டிலெல்லாம் ஊத்தினேன். அது தீந்ததும் எங்க முதலாளி வீட்டுலேருந்து கொண்டு வந்தேன். சும்மா ஒயின் இல்ல குட்டி, முதல் தரம். பாட்டில் என்ன விலைன்னு வாத்தியார்கிட்ட கேளு."

விலை எனக்குத் தெரியும். ஊரில் யாரும் இவ்வளவு ஒசத்தியான ஒயினைக் கொண்டு எதையும் கெடுத்ததில்லை.

"கில்பேர், அது மஞ்சளுக்கு வெச்சது."

அவன் உட்கார்ந்தான். முதலில் நாற்காலியின் ஓரத்தில், பிறகு முழுதாக.

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு யாரு சொன்னா?"

அது சரியான கேள்வி. யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சொல்வார்கள்? எங்கள் ஊரில் இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும் என்பதால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"ஏடு இருந்திருந்தா எனக்குத் தெரியாதா? நான் என்ன குருடா? ஏடே இல்லையே!"

"அது வசந்த காலத்துலதான் படியும். நீ குளிர்லயே ஊத்திட்டே."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'எப்படி இருக்கு'ன்னு கேட்டியே தவிர, 'ஊத்துறியா'ன்னு ஒரு நாளாவது கேட்டியா? நீ ஒரு தடவை கீழ வந்து பாத்திருந்தா..."

"படி வழுக்கும்" என்றாள் ஒதீல்.

கில்பேர் அழ ஆரம்பித்தான். பெரிய ஆள், மீசைக்காரன், கண்ணீர் தட்டில் விழ விழ அழுதான். "ஆறு வருஷம், ஒதீல். பனியில, மழையில, கேனைத் தூக்கிட்டு... அந்த மனுஷனோட கடைசி ஒயினை நானே கொன்னுட்டேனே."

"கொல்லல. நல்லாத்தான் இருக்கு. பெல்ஜியத்துக்காரங்க பெட்டி பெட்டியா கேட்டாங்க." அவன் தட்டை நகர்த்தி, துண்டை எடுத்துக் கொடுத்தாள். "உருளைக்கிழங்கு ஆறிடும்."

எதிர் வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. ஊர் இத்தனை வருடம் காத்திருந்த அழுகை ஒருவழியாக அந்த வீட்டிலிருந்து கேட்டது. ஆள்தான் வேறு.

துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு கில்பேர் தங்கையைப் பார்த்தான். "நீயாவது ஒரு வார்த்தை திட்டேன். அழேன்."

ஒதீல் யோசித்தாள். சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. "வரலியே" என்றாள்.

சாப்பிட்டோம். பாலாடைக்கட்டி வெட்டினாள். பிறகு அவளே எழுந்து கதவோரம் இருந்த கேனை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இனிமே எதுக்கு?"

"குறைஞ்சிருக்கும். ஒரு மாசம் ஆச்சு. வியாழக்கிழமை ஏழெட்டுப் பேருக்கு வேற ஊத்தினேன்."

மூவரும் இறங்கினோம். கில்பேர் பூவாளியில் ஒயினை மாற்றி, முதல் பீப்பாயின் தக்கையைத் திறந்து, காதை அருகில் வைத்து, மெல்ல ஊற்றினான். அழுது வீங்கிய முகத்தோடும் கை மட்டும் கொஞ்சமும் பிசகவில்லை. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. துணியால் துடைத்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது பீப்பாயின் தக்கையைத் திறந்தபோது ஒதீல் சொன்னாள்:

"அதை விட்டுடு."

"இதையா? இதுல ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு. இதுலேருந்துதானே எடுத்திருக்கே?"

"ஆமா. விடு."

"இது இனிமே மஞ்சள் ஆகாது, குட்டி. பாதி எங்க ஊரு ஒயின். ஏடு படியலாம், படியாமலும் போகலாம். வினிகராப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

அவள் படிப் பக்கம் திரும்பினாள். அவன் தக்கையை அழுத்திவிட்டு நின்றான். இரண்டு படி ஏறினான், திரும்பிப் பார்த்தான், இன்னும் இரண்டு படி ஏறினான். நாற்பது வருடத்தில் குறைந்த பீப்பாயை விட்டுவிட்டுப் படி ஏறியது அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். குழந்தையைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு வருகிறவன்போல இருந்தது அவன் முகம்.

மேலே வந்தபோது பூவாளியில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையில் பிடித்தபடியே சமையலறை நடுவில் நின்றான்.

"அடுத்த மாசம் வந்தாலும் அதுல ஊத்தக்கூடாதா?"

"கூடாது."

"பாக்கலாமா?"

"பாக்கலாம். கை வைக்கக்கூடாது."

ஒதீல் மூன்று கிளாஸ் எடுத்து மேஜையில் வைத்தாள். அண்ணன் கையிலிருந்து பூவாளியை வாங்கி, செடிக்கு ஊற்றுவதுபோல மூன்றிலும் ஊற்றினாள். கில்பேர் தன் கிளாஸைத் தொடவில்லை. நான் குடித்தேன். விலைக்கு ஏற்றதுதான். ஒதீல் ஒரு வாய் எடுத்து, வியாழக்கிழமைபோலவே கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். கில்பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான், மறைப்பானேன்.

இந்தமுறை விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றான் அவன்.

"சரியா இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "செவ்வாய்க்கிழமை டென்மார்க்லேருந்து நாலு பேர், வாத்தியாரே. தியெரி எழுந்துட்டானான்னு போற வழியில கேட்டுட்டுப் போங்க."